வாரத்துக்கு நாலு லீற்றர்

இலங்கையில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்து, அதைப் பங்கிட்டுக் கொடுக்க அரசாங்கம் கியூஆர் குறி கொடுத்த காலம். 2022 ஆடி மாதக் கடைசியில் என் ஸ்கூட்டிக்கு அந்தக் கியூஆர் கிடைத்தபோது, அதை பிரின்ட் எடுத்து, லமினேற் பண்ணி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கொழுவி வைத்தேன். அந்த நாட்களில் அதற்கு அவ்வளவு மரியாதை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல், ஓட்டோவுக்கு 5. இந்த வாரம் அடிக்காமல் விட்டால் அடுத்த வாரம் 8 ஆகாது. போனது போனதுதான்.

நான் திருகோணமலை அன்புவழிபுரத்தில் வீட்டில் வைத்துத் தைக்கிறேன். சாறிச் சட்டை, சல்வார், பள்ளிக்கூட யூனிபோம், கேட்டால் அபாயாவும். பதினாறு வருடமாக இதுதான் தொழில். லைனிங், நூல், கொளுக்கி வாங்க ரவுனுக்குப் போக வேண்டும். தைத்த உருப்படிகளைக் கிண்ணியாவில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மகனை ரியூசனுக்கு ஏற்றி இறக்க வேண்டும். என் ஸ்கூட்டி லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். கிண்ணியாவுக்குப் போய்வந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் முடிந்துவிடும். மிச்சம் மூன்றில் மற்றதெல்லாம்.

முதல் வாரம் வியாழக்கிழமையே ராங்கி காய்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் ரவுனுக்கு மட்டும் ஐந்து தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை ஊதா நிற நூல்கட்டைக்கு. ஒரு தடவை சிப் வாங்க. சிப் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் லைனிங் முடிந்தது தெரிந்தது, அதற்கு இன்னொரு தடவை. வெள்ளிக்கிழமை கிண்ணியாக் கடைக்காரருக்குப் போன் எடுத்து "பெற்றோல் இல்லை அண்ணா" என்றேன். அவர், "எல்லாருக்கும் நாலு லீற்றர்தானே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மகனின் பழைய சீஆர் கொப்பியில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடுத்த வாரம் எங்கெங்கே போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெற்றோல் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகப் போட்ட முதல் வாரத் திட்டம் அதுதான். வேலை நேரத்துக்குப் போட்டதல்ல, பெற்றோலுக்குப் போட்டது.

அதற்கு முன் நான் ஒன்றும் எழுதாதவள் என்று சொல்ல முடியாது. லிஸ்ட் போடுவேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருபது இருபத்தைந்து வரி வரும். 'செல்வி அக்கா சட்டை', 'கரண்ட் பில்', 'யூனிபோம் வேலை', 'அபாயா கொலர் படிக்க வேண்டும்', 'முன் யன்னலுக்குத் திரைச்சீலை' என்று எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஒரே மரியாதையில் நிற்கும். லேசானதை முதலில் வெட்டுவேன். கரண்ட் பில் கட்டியாச்சு, வெட்டு. தேங்காய் வாங்கியாச்சு, வெட்டு. பின்னேரம் பார்த்தால் பதினொரு வரி வெட்டியிருக்கும், ஒரு சட்டைகூட முடிந்திருக்காது. அந்தத் திரைச்சீலை வரி மட்டும் 2021இலிருந்து தாள் தாளாக மாறி வந்துகொண்டிருந்தது. துணியும் வாங்கி வைத்திருந்தேன், இளம்பச்சையில் வெள்ளைப் பூ. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெற்றோலுக்குப் போட்ட கணக்கு வேலைக்கும் பொருந்தும் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. அதை உறைக்கவைத்தது கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும், எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு நிற்கும் என்று இங்கிலீஷ் எழுத்துப் போட்டு அட்டவணை வந்துகொண்டே இருந்தது. என் மெசினுக்கு மோட்டார் பூட்டியிருந்தேன். மிதிக்கும் பலகை கழற்றி கோடிக்குள் கிடந்தது. கரண்ட் இருக்கும் நேரத்தில் மெசின், ஓவர்லொக், ஸ்திரி. இல்லாத நேரத்தில் வெட்டு, கொளுக்கி, கைத்தையல். அப்படிப் பிரித்து வைத்தால்தான் ஒரு சட்டையாவது முழுதாக வெளியே போகும்.

கொளுக்கி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முக்கால்வாசிப் பிரச்சினை அதில்தான் இருந்தது. சாறிச் சட்டை ஒன்றுக்கு முன்பக்கம் ஆறு ஏழு கொளுக்கி வரும். ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணிலும் நாலு நாலு தடவை ஊசி ஓட்டி, வளைந்த மூக்கின் கீழும் இரண்டு தடவை இழுத்து, நூலை முடிச்சுப்போட்டு வெட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் நூலால் காது கட்ட வேண்டும். கை ஓடினால் இருபது நிமிடம், கண் மங்கும் நேரமென்றால் அரை மணித்தியாலம். இதை நான் வேலையாகவே கணக்கெடுத்ததில்லை. யாராவது கேட்டால் "தைச்சு முடிஞ்சுது, கொளுக்கி மட்டும்தான்" என்பேன். எட்டுச் சட்டை அப்படி 'முடிந்து' கிடந்தால், அதில் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை ஒளிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் குந்தியிருந்து கொளுக்கி வைத்ததெல்லாம் அந்தப் பொய்யின் பலன்.

இப்போது என் கொப்பியில் 'முடிந்தது' என்றால் ஒரே அர்த்தம்தான்: கொளுக்கி வைத்து, நூல் நுனியெல்லாம் வெட்டி, ஸ்திரி போட்டு, பெயர் எழுதிய பையில் கிடக்க வேண்டும். ஒரு வார இலக்கு எழுதும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். 'யூனிபோம் வேலை பார்க்க வேண்டும்' என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை அது நடந்ததா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியாது. பார்க்கத்தான் பார்த்தேன். 'புதன் பின்னேரத்துக்குள் நாலு யூனிபோம் பையில்' என்றால் எண்ணிவிடலாம்.

கியூஆர் முறை 2023 செப்டம்பரில் நின்றது. கேட்ட அளவு பெற்றோல் அடிக்க முடிந்தது. ராங்கியை நிரப்பி உப்புவெளி வரை சும்மா ஒரு சுற்றுப் போய் வந்தேன். இரண்டு வாரத்தில் கொப்பி எங்கே என்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் மறுபடியும் ஒரு நூல்கட்டைக்கு ரவுனுக்குப் போனேன்.

அந்த வருடக் கார்த்திகையில்தான் மூதூர் அக்காவின் விசயம் நடந்தது. தன் மகனுடைய கலியாணத்துக்கு மூன்று சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். மூன்றும் லைனிங் வைத்தது, ஒன்றுக்குக் கையில் மணி வேலை. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வாரம் எத்தனை பேருக்குச் செவ்வாய் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. யார் கேட்டாலும் வாயில் வருவது 'செவ்வாய் வாங்கோ'தான். அவர் மழைக்குள் மூதூரிலிருந்து பஸ் ஏறி, கிண்ணியாப் பாலத்தால் வந்து, இறங்கி, ஓட்டோ பிடித்து வாசலில் நிற்கிறார். முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. என் மேசையில் ஒரு சட்டை கை ஏற்றாமல், இன்னொன்று வெட்டியபடி, மூன்றாவது துணியாகவே இருக்கிறது.

அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நான் ஒரு சட்டையை முடிக்கும்வரை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தார். போகும்போதுதான் சொன்னார்: "ஏலாண்டா முதல்லயே ஏலாண்டு சொல்லியிருக்கலாமே புள்ள. நான் மூதூர்லயே குடுத்திருப்பேன்."

அன்று இரவு கொப்பியைத் தேடி எடுத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது.

இந்த முறை பெற்றோல் இல்லை, நேரம்தான் கணக்கு. ஆனால் நேரம் எத்தனை லீற்றர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே. அதனால் இரண்டு வாரம் திட்டமே போடாமல், மெசினில் குந்தும்போதும் எழும்பும்போதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். அதற்கு முன் கேட்டிருந்தால் நான் வாரம் 42 மணித்தியாலம் தைக்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்: காலை மூன்றரை, பின்னேரம் இரண்டு, இரவு ஒன்றரை, ஆறு நாள். எழுதிப் பார்த்தால் முதல் வாரம் இருபத்தைந்துக்கும் கீழே, இரண்டாம் வாரம் 27. சராசரியாக 26 என்று வையுங்கள். மிச்சமெல்லாம் அளவெடுக்க வந்தவர்களோடு கதை, போன், மாமியின் மருந்து, அடுப்பு, மழை வந்தால் கொடியில் கிடக்கும் உடுப்பு.

அடுத்து, ஒரு லைனிங் சட்டைக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். என் மனதில் இருந்தது இரண்டு மணித்தியாலம். வெட்டிலிருந்து பையில் போடும்வரை மணிக்கூடு சொன்னது மூன்றரை. நான் வாரத்துக்கு 12 சட்டை ஏற்றுக்கொண்டிருந்தேன். 12 சட்டைக்கு 42 மணித்தியாலம் வேண்டும். என்னிடம் இருப்பதோ 26. இதற்குப் பிறகு யார்மேல் கோபிப்பது? சாமியைக் கும்பிட்டும் சரிவராத கணக்கு இது.

என் அக்காவின் மகள் இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். பெறாமகள் வந்த அன்று இந்தக் கணக்கைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "சித்தி, இதுக்கு ஒரு பேரே இருக்கு" என்றாள். டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் போகும் என்று மனிதர் போடும் மதிப்பு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், முன்னே அதே வேலைக்கு எவ்வளவு போனது என்பது தெரிந்திருந்தாலும்கூட. 1994இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்களாம், போனது 55 நாளுக்கு மேல். "படிச்ச பிள்ளையளுக்கே அப்பிடியெண்டா" என்று எனக்கு ஒரு ஆறுதல். அவள் தன்னுடைய அசைன்மென்ட்டுகளும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

சரி, இப்போது எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன்.

26 மணித்தியாலத்தில் 20க்குத்தான் வேலை எழுதுவேன். மிச்சம் ஆறும் வந்து விழும் வேலைக்கு: சல்வார் பிடித்துவிடுவது, சிப் மாற்றுவது, 'அக்கா இண்டைக்கே வேணும்' என்று வரும் பிள்ளைகள். முதலில் இந்த ஆறை விட மனம் வரவில்லை, காசு விடுகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஆறும் எப்படியும் போகத்தான் போகிறது. எழுதி விட்டால் சொல்லி விட்டுப் போகும், எழுதாவிட்டால் சொல்லாமல் போகும். 20 மணித்தியாலத்துக்கு லைனிங் சட்டை என்றால் ஐந்து, பிறகு சின்னதாக ஒன்று. பன்னிரண்டு இருந்த இடத்தில் ஐந்து என்று எழுதிய முதல் ஞாயிறு எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் முன்னையதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு சட்டைதான் குறைவு. பன்னிரண்டு ஏற்ற காலத்திலும் வெளியே போனது ஆறோ ஏழோதான், மிச்சம் அடுத்த வாரத்துக் கழுத்தில் தொங்கியது. சட்டை ஒன்றுக்கு விலையை 200 ரூபா கூட்டினேன், குறித்த நாளில் கிடைக்கிறது என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் மட்டும் முணுமுணுத்தார், அவர் முன்னும் முணுமுணுப்பவர்தான்.

இலக்கு மூன்றுதான் எழுதுவேன். ஒன்று வருமானத்துக்கு: இந்த வாரம் பையில் போக வேண்டிய சட்டைகள், யாருடையது என்று பெயரோடு. ஒன்று நாளைக்கு: அபாயா கொலர் பழைய பேப்பரில் வெட்டிப் பழகுவது மாதிரி, இந்த வாரம் யாரும் கேட்காத, ஆனால் ஆறு மாதத்தில் சோறு போடக்கூடிய ஒன்று. ஒன்று வீட்டுக்கு: மகன் அப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தான், அதனால் வாரம் இரண்டு பழைய வினாத்தாள் அவனோடு இருந்து பார்ப்பது. மற்ற உதிரி வேலையெல்லாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில். அவற்றுக்கு இலக்கு என்று பெயர் கிடையாது.

இரண்டாவது வகைதான் எப்போதும் அடிபடும். பணம் கொடுத்தவர் வாசலில் நிற்பார், கொலர் வாசலில் நிற்காது. அதனால் அதைத் திங்கட்கிழமை காலையிலேயே முதல் ஒரு மணித்தியாலத்தில் வைத்துவிட்டேன். வாரக்கடைசிக்கு வைத்த காலத்தில் நாலு மாதமாக அந்தக் கொலரை வெட்டவேயில்லை. திங்கள் காலைக்கு மாற்றிய மூன்றாவது வாரத்தில் முதல் அபாயா விற்றேன்.

அடுத்தது, நிறம். சிரிக்காதீர்கள். மெசினில் நூல் மாற்றுவது என்றால் மேல்நூல், பொபின் இரண்டும் மாற்ற வேண்டும், ஓவர்லொக்கில் மூன்று கட்டை. எல்லாமாகப் பத்து நிமிடம். முன்பெல்லாம் வந்த ஒழுங்கில் தைப்பேன்: சிவப்பு, பச்சை, மறுபடியும் சிவப்பு. இப்போது வாரத்துக்கான துணிகளை ஞாயிறு இரவே கட்டிலில் பரப்பி, சிவப்புச் சாயல் ஒரு பக்கம், நீலச் சாயல் ஒரு பக்கம், வெள்ளை யூனிபோம் தனியே என்று அடுக்குவேன். திங்கள் முழுக்க வெட்டு. செவ்வாய் சிவப்பு. புதன் நீலம். ஒரே மாதிரி வேலையைச் சேர்த்துச் செய்வது என்று இதை எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அது நூல்கட்டையாகத் தெரிந்த பிறகுதான் விளங்கியது. ரவுன் பயணமும் அப்படியே: வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய் காலை. கியூஆர் போனாலும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

கரண்ட் போனால் கொளுக்கி என்ற பழைய ஒழுங்கையும் விடவில்லை. இதற்கும் பெறாமகளிடம் ஒரு பெயர் இருந்தது. பீற்றர் கொல்விற்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இல் எழுதியிருக்கிறாராம்: 'இதைச் செய்வேன்' என்று மட்டும் தீர்மானிப்பவர்களைவிட, 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று இடத்தையும் நேரத்தையும் சேர்த்து முடிவெடுப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று. என் கொப்பியில் இப்படி நாலைந்து இருக்கிறது. கரண்ட் போனால் கொளுக்கி. மழையென்றால் வெள்ளைத் துணி தொடுவதில்லை. புதிதாக யாராவது அளவு கொடுக்க வந்தால் திகதி சொல்வதற்கு முன் கொப்பியைத் திறப்பது. இந்தக் கடைசி ஒன்றுதான் எல்லாவற்றிலும் கடினம். கொப்பியைத் திறக்காமல் வாய் 'செவ்வாய்' என்றுதான் போகப் பார்க்கும்.

வாரத்தைத் தொடங்கும் முன் கலண்டரையும் பார்க்க வேண்டும். மாதத்துக்கொரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வரும், பிள்ளை வீட்டில், வங்கி பூட்டு. அது புதன்கிழமை விழுந்தால் அந்த வாரத்தை ஐந்து நாளாகத்தான் எண்ண வேண்டும். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் அக்கா வீட்டு வாசலில் கும்பம் வைக்க, கோலம் போட என்று இரண்டு பின்னேரம் போய்விடும், அந்த வாரம் இலக்கு இரண்டுதான். பங்குனி உத்தரம், நோன்புப் பெருநாள், சித்திரை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வரும் வருடங்களில் புது ஓடரை இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன். வைகாசியிலிருந்து செப்டம்பர் வரை இங்கே உல்லாசப் பயணிகள் வரும் சீசன், என் கணவர் உப்புவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் வேலை, விடிய ஏழு மணிக்குப் போனால் இரவுதான் வருவார். அந்த மாதங்களில் எனக்கு 26 மணித்தியாலம் கிடையாது, 22தான். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கி, அங்கே ஆள் குறைந்து, அவர் வீட்டில் நிற்பார், எனக்கு 30 வரை வரும், ஆனால் துணி காயாது. எல்லா வாரத்துக்கும் ஒரே அளவு போட்டால் அது என் வாரமே கிடையாது.

திட்டத்தைப் பார்ப்பது ஞாயிறு பின்னேரம். மகனை டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவன் மணலில் விளையாடுவான், நான் சுவரில் இருந்து கொப்பியைத் திறப்பேன். இருபது நிமிடம் போதும். ஒரு தடவை கச்சான் சுருளை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தபோது கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து, சுருளை இழுத்து, பேப்பரோடு தின்றுவிட்டது. கொப்பியையும் முகர்ந்து பார்த்தது. அந்த வாரம் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தேன், தின்றிருந்தாலும் நல்லதுதான்.

ஞாயிறு பார்ப்பதில் இரண்டே கேள்வி. எது பையில் போகவில்லை, ஏன்? 'சோம்பல்' என்று பதில் எழுதக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதை எழுதினால் அடுத்த வாரம் செய்ய ஒன்றும் இருக்காது. 'பச்சை லைனிங் கடையில் இல்லை' என்றால் வாங்குவதை முன்னுக்குத் தள்ளலாம். 'வெட்டப் பயமாக இருந்தது, விலையான பட்டு' என்றால் முதலில் பழைய சீலைத் துண்டில் வெட்டிப் பார்க்கலாம். உண்மையில் நான் சோம்பல் என்று நினைத்ததில் பாதி பயம்தான்.

பிறகு, மூன்று வாரம் தொடர்ந்து தள்ளிப்போன வரியை நாலாவது வாரம் எழுதுவதில்லை. ஒன்றில் துண்டாக்க வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். ஒரு அக்காவின் கவுண் மூன்று வாரம் தள்ளியது. துண்டாக்கிப் பார்த்தால் பிரச்சினை கவுணில் இல்லை, அளவு சரியாக எடுக்கவில்லை, கூப்பிட்டுக் கேட்க வெட்கம். 'போன் எடுப்பது' என்று ஒரு வரியாக எழுதினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

சரிவராமல் போன முயற்சிகளும் இருக்கின்றன. விடிய நாலு மணிக்கு எழும்பினால் வாழ்க்கை மாறும் என்று போனில் ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நம்பி ஒன்பது நாள் எழும்பினேன். ஆறாம் நாள் ஒரு சட்டையின் வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் ஏற்றிவிட்டேன். கை வெட்டும்போது முன்பக்க வளைவு கொஞ்சம் உள்ளே போகும், பின்பக்கம் நிறைவாக இருக்கும், மாறினால் போடுபவருக்குத் தோளில் இழுக்கும். பிரித்துத் தைக்க ஒன்றரை மணித்தியாலம். நித்திரையை வெட்டி நேரம் எடுப்பது எனக்குச் சரிவரவில்லை, மற்றவர்களுக்குச் சரிவரலாம். பெறாமகள் போனில் ஒரு செயலியும் போட்டுத் தந்தாள். அது நாளுக்கு ஏழு தடவை மணி அடித்து நினைவூட்டியது. என் வீட்டில் மாமி இருக்கும்போது அதற்கு வேறு ஆள் வேண்டுமா? கொப்பிதான் எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் வட்ஸ்அப்பை விடவில்லை. ஞாயிறு இரவு, அந்த வாரம் சட்டை வாங்க வேண்டியவர்களுக்கு மட்டும் 'உங்களது வியாழன் நாலு மணிக்குப் பிறகு' என்று ஒரு வரி அனுப்புகிறேன். 'எப்ப தருவீங்கள்' என்று வரும் போன் பாதியாகக் குறைந்துவிட்டது.

மூதூர் அக்கா மறுபடி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு பெருநாளுக்கு முன் போன் எடுத்தார், நாலு சட்டை, பத்து நாளில் வேண்டும் என்றார். கொப்பியைத் திறந்து பார்த்தேன். அந்த வாரம் நிறைந்திருந்தது, அடுத்த வாரம் பாதி. "அக்கா, ரெண்டு ஏலும், நாலு ஏலாது" என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "சரி புள்ள, ரெண்ட உனக்கு அனுப்புறேன், ரெண்ட இங்க குடுக்கிறேன்" என்றார். இரண்டும் சொன்ன நாளுக்கு முதல் நாளே பையில் இருந்தன. எடுக்க அவர் வரவில்லை, மகனை அனுப்பியிருந்தார். கூடவே தொதல் ஒரு பெட்டி.

திரைச்சீலை விசயம் சொல்கிறேன் என்றேன். அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. முதல் வாரம் தள்ளினேன், இரண்டாம் வாரம் தள்ளினேன், மூன்றாம் வாரமும். துண்டாக்கிப் பார்த்தேன்: அளவெடுப்பது, வெட்டுவது, ஓரம் அடிப்பது, கம்பி மாட்டுவது. எல்லாமாக இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. இருந்தும் நாலாவது ஞாயிறு நேர்மையாக யோசித்தபோது, எனக்கு அந்தத் திரைச்சீலை வேண்டாம் என்று தெரிந்தது. அந்த யன்னல் என் மெசினுக்கு நேரே இருக்கிறது. வெளிச்சம் அதால்தான் வருகிறது, படலையைத் திறந்துகொண்டு யார் வருகிறார்கள் என்பதும் அதால்தான் தெரிகிறது. வரியை வெட்டினேன். துணியை மடித்து ஸ்திரி மேசைக்கு விரித்திருக்கிறேன். வெள்ளைப் பூக்களில் இரண்டு ஏற்கெனவே கருகிவிட்டன.